முழங்கை அக்கா

மிதவைப் பலகையில் குப்புறப் படுத்து, வலது முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கைக்குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்ப்பது போல. அணைத் தண்ணீரில் கூண்டு வலை கட்டி மீன் வளர்க்கிறவள். எங்கள் தெருவில் 'முழங்கை அக்கா' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

"டாக்டரம்மா காய்ச்சல் பாக்கறாங்க, யாரும் பேசாதீங்க" என்பார் புருஷன், துடுப்பை மடியில் வைத்தபடி.

"உங்களுக்கு ஒருநாளும் இப்படிப் பாத்ததில்லேன்னு வயித்தெரிச்சல்" என்பாள் கண்ணைத் திறக்காமலே.

ஆறாக ஓடியபோது மேலும் கீழும் ஒரே தண்ணீர்தான். அணை போட்டு நிறுத்திய பிறகு இரண்டாகிவிட்டது என்பாள். "மேல வெதுவெதுன்னு இருக்கே, அதுதான் நம்மளது. அடியில இருக்கறது ஜில்லுனு, காத்தே படாம, முங்கின மரமெல்லாம் ஊறிக் கெடக்கற தண்ணி. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

இந்தக் கோடையில் ஓர் இலை அசையவில்லை. மீன் முழங்கை நீளம் வந்துவிட்டது. அடுத்த வாரம் வியாபாரி வருவதாக ஏற்பாடு. நேற்று மாலை குளிர்காற்று அடித்து மழை கொட்டியது. "அப்பாடா, பிள்ளைங்க கொஞ்சம் குளுகுளுனு இருக்கும்" என்று கூண்டைப் பார்த்து நனைந்துகொண்டே சிரித்தவள் அவள்தான்.

இன்று காலை கரையில் இறங்கும்போதே அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் கறுத்திருந்தது. முழங்கையை விட்டவள் சுட்டுவிட்டது போல இழுத்துக்கொண்டாள். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடித்தண்ணீர் கிளம்பி மேலே வந்திருந்தது. கூண்டு முழுக்க வாய்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வெறும் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன.

"ரெண்டும் சேந்துருச்சு" என்றாள். "இதுல மூச்சு விட முடியாது. கத்தியக் குடுங்க."

"எதுக்கு? வருஷம் பூராப் பாடுபட்டதுடி."

"செத்து மெதந்தா வியாபாரி வாங்குவானா? ஆறு வந்து சேர்ற எடத்துல ஓட்டத் தண்ணி இருக்கு. போறது பொழைக்கட்டும்."

மேலிருந்து கீழ்வரை வலையைக் கிழித்தாள். ஒரு மீனும் வெளியே போகவில்லை. குஞ்சிலிருந்து பழகிய அந்தச் சதுரத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தன. அவள் உடுத்திய துணியோடு இறங்கி, ஒன்றை இரு கையாலும் ஏந்திக் கிழிசலுக்கு வெளியே விட்டாள். அது திரும்பி உள்ளேயே வந்தது. மறுபடி ஏந்தினாள், வெளியே விட்டு, உள்ளங்கையை முதுகில் வைத்துத் தள்ளினாள்.