ஐனா தலை எண்ணமாட்டாள்

முட்டைக் கடையில் ஐனா பத்லே கூடையின் பாதி உயரத்தில் விரலை வைத்துக் காட்டுகிறாள். "இதுவரைக்கும் அடுக்கு, கண்ணு." எத்தனை வேண்டும் என்று கேட்டால் காதில் விழாதவள் போல ஜன்னலைப் பார்க்கிறாள். கடைக்காரப் பெண் அதற்காகவே வேண்டுமென்று கேட்பாள். போர்ட்லாரிக் என்கிற அந்த மீன்பிடி ஊரில் இது வாரா வாரம் நடக்கிற விளையாட்டு.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. "ஆண்டி, ரோனி, சாண்டி, அப்புறம் கடைக்குட்டி எல்சி" என்பாள். கேட்டவர்களே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடலுக்குப் போகிற குடும்பங்களில் ஆளை எண்ணக் கூடாது. படகை எண்ணக் கூடாது. மீன் கரைக்கு வந்து சேரும்வரை அதையும் எண்ணக் கூடாது. எண்ணினால் கடலுக்குக் கணக்குத் தெரிந்துவிடும். இத்தனை இருக்கிறதே, ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன என்று அதற்குத் தோன்றிவிடும். ஊரில் பாதிப்பேர் இப்போது இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். ஐனா சிரிக்காமல் சொல்கிறாள். அவள் கணவன் ஜிம் இருபத்தெட்டு வருடம் ஹேடக் மீனுக்குப் போய், ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்து, இப்போது கொல்லையில் கண்ணாடிக் கூண்டு கட்டித் தக்காளி வளர்க்கிறான். "நான் எண்ணாம இருந்ததாலதான் வந்தே" என்பது அவள் கட்சி. "இஞ்சின் நல்ல இஞ்சின்டி" என்பது அவன் கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஐனாவுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் மீன் அறுக்கும் கூடத்தில் நின்ற உடம்பு. தோள் இரண்டும் கதவு அகலம். குரல் கொடுத்தால் துறைமுகத்தின் எதிர்க்கரையில் உறங்கும் கடற்காகங்கள் எழுந்து பறக்கும். கோடை வந்துவிட்டால், காலை பத்து மணிக்குத் துறைமுகக் கடிகாரத்தின் கீழே ஊதா நிறக் கம்பளிக் குல்லாயுடன் நிற்பாள். ஊர் பார்க்க வந்தவர்களை அழைத்துப்போவது அவள் வேலை. வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

"எல்லா வீடும் ஏன் கடலுக்கு விலாவைக் காட்டிக்கிட்டு நிக்குதுன்னு கேக்குறீங்களா? நாள் முழுக்க மூஞ்சியில அறையறவனை வீட்டுக்கு வந்தப்புறமும் பாத்துக்கிட்டா இருப்பாங்க?"

ஒவ்வொருவருக்கும் எதிரே போய் நின்று, பெயரும் ஊரும் கேட்டு, முகத்தை ஒருமுறை ஆசையோடு பார்ப்பாள். பிறகு ஒரு அடையாளத்தை மனதில் முடிந்துகொள்வாள். சிவந்த மூக்கு. மனைவி பேசும்போதெல்லாம் தொண்டையைக் கனைக்கிறவர். இடது செருப்பில் கீச்சு. முடிச்சு போட்ட அத்தனை பேரையும் மதியம் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வரும்.

இதில் சுற்றுலா அலுவலகத்துக்குத்தான் சங்கடம். அவர்கள் அனுப்பும் தாளில் 'வந்தவர்கள்' என்று ஒரு கட்டம். அதில் ஐனா 'நிறையப் பேர்' என்று எழுதி அனுப்புவாள். மழை நாளென்றால் 'சுமார்'. பொறுத்துப் பார்த்த அலுவலகம் கடைசியில் கடிதம் போட்டது. எண்ணிக்கை வராவிட்டால் அடுத்த மாதம் முதல் காதில் மாட்டினால் தானே பேசுகிற கருவி ஒன்று ஊரைச் சுற்றிக் காட்டும், ஐனா ஓய்வெடுத்துக்கொள்ளலாம். கடிதத்தைப் படித்த அன்று அவள் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு கரிந்து போனது. கடிகாரத்தின் கீழே வந்து நிற்கிற புது முகங்கள் இல்லாத கோடையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஓய்வாம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரிந்ததை ஜிம்முக்கே போட்டாள். அவனும் மிச்சம் வைக்காமல் தின்றான்.

போன வியாழக்கிழமை, நேரில் பார்க்க அலுவலகத்திலிருந்து கெவின் மெல்ட்ரம் பேருந்தில் வந்து இறங்கினான். முப்பது வயது, மூக்குக்கண்ணாடி, நல்ல பிள்ளை. வந்தவர்களுக்கெல்லாம் அலுவலகத்தின் மஞ்சள் மழைக்கோட்டைக் கொடுத்துவிட்டு, "நீங்க சிரமப்பட வேணாம். நானே எண்ணிக்கிறேன்" என்றான். "பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு."

ஐனா காதைப் பொத்திக்கொண்டாள். "சத்தம் போட்டுச் சொல்லாதப்பா. தண்ணி பக்கத்துலயேதான் நிக்குது."

அன்றைக்கு வந்தவர்களில் டார்பி ஊர்க்கார வினிஃபிரட் என்ற அம்மாள் ஒருத்தி. எழுபத்தாறு வயது. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அது பல்செட்டில் பட்டு டிக் டிக் என்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஐனா மனதில் முடிந்துகொண்டது அந்த ஓசையைத்தான். துறைமுகச் சுவர் ஓரத்தில் அந்த அம்மாள் கேட்டாள்: "தண்ணி ரொம்பக் குளிருமா?"

"காலை வச்சீங்கன்னா மறந்துபோன பாட்டன் பேரெல்லாம் ஞாபகம் வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதா கோயில் வாசலுக்குப் போனதும் அந்த அம்மாள் மறுபடி அதையே கேட்டாள்.

பதினொன்றரை மணிக்குக் கடல்மூட்டம் இறங்கியது. இந்தக் கரையில் அது கேட்டுக்கொண்டு வருவதில்லை. நீட்டிய கை தெரியவில்லை. எல்லோரும் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, ஐனாவின் குரலைப் பிடித்தபடி நடை முடிகிற இடமான, மீனைப் புகையிட்டுப் பதப்படுத்தும் புகைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே ஜிம் பெரிய பாத்திரத்தில் புகைமீன் சூப் கிண்டிக்கொண்டிருந்தான். கெவின் வாசலிலேயே நின்று, நுழைகிற மஞ்சள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"பதினாலு! சரியா இருக்கு. பாத்தீங்களா, இவ்வளவுதான் விஷயம்."

ஐனா உட்காரவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு அறை நடுவில் நின்றாள். "ஒரு ஆள் குறையுது."

"எண்ணிட்டேனே அம்மா."

"எண்ணினே. மிட்டாய் சத்தம் எங்கே?"

வரிசையாகப் போய் ஒவ்வொரு தொப்பியையும் தூக்கிப் பார்த்தாள். கடைசித் தொப்பிக்குள் வாயில் கரண்டியோடு இருந்தவர் டாட் ஸ்லேட்டர். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பழைய மீனவர். போட்டிருந்தது அவருடைய சொந்த மஞ்சள் கோட்டு.

"சும்மா சூப்புக்கு வந்தேன் ஐனா. மூட்டத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"நீ என்னிக்குய்யா சும்மா வராம இருந்தே!"

கெவினின் கணக்குச் சரியாக இருந்தது, ஆள்தான் இல்லை. துறைமுகச் சுவருக்குக் கைப்பிடிக் கம்பி கிடையாது. தண்ணீரோ ஏறுகிற நேரம்.

ஐனா யோசித்தாள். ஒரு பெண்பிள்ளை தண்ணீர் குளிருமா என்று ஒருமுறை கேட்டால் பேச்சுக்குக் கேட்கிறாள். இரண்டு முறை கேட்டால் அவளுக்குக் கால் நனைக்க ஆசை. கால் நனைக்க இந்த ஊரில் ஒரே இடம், படகை இறக்குகிற பழைய கல்சரிவு. அடுத்த நொடி அந்தப் பெரிய உடம்பு வாசலைத் தாண்டி ஓடியது. பின்னாலேயே கெவினும் ஓடினான்.

சரிவின் தலைப்பில் ஐனா நின்றாள். வெள்ளைத் திரைக்குள் அலை ஓசை. அதற்குள், மிகச் சன்னமாக, டிக் டிக்.

"அம்மா!"

"இங்கேதான் இருக்கேன்" என்றது ஒரு வெட்கப்பட்ட குரல்.

வினிஃபிரட் கடைசிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலணி; அதற்குள் ஒழுங்காகச் சுருட்டிய காலுறை. தண்ணீர் இடுப்பை நனைத்துக்கொண்டிருந்தது. "உக்காந்துட்டேன். முட்டி எந்திரிக்க விடல. முதல்ல கூப்பிட வெக்கமா இருந்துச்சு. அப்புறம் கூப்பிட்டேன், அலைதான் பதில் சொல்லுச்சு."

"வெக்கமாம்ல வெக்கம்! ஊரே கேக்கற மாதிரி ஒரு கத்து கத்தியிருக்க வேணாமா?" ஐனா திட்டினாள், திட்டும்போதே அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, திரும்பிக் குந்தி, முதுகைக் காட்டினாள். "ஏறுங்க."

"நான் கனமா இருப்பேன்."

"இந்த ஊர்ப் பொம்பளைங்க ஒரு காலத்துல புருஷன்மாருங்க பூட்ஸ் நனையாம இப்படித்தான் படகுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அவங்களும் கனம்தான், சாராயமும் சேந்து. ஏறுங்கன்னா!"

கெவின் ஒரு கை கொடுக்க ஓடி வந்தான். "நீ ஷூவைப் பிடி" என்றாள் ஐனா.

முதுகில் ஒரு டார்பிக்காரியோடு அவள் புகைக்கூட வாசலில் தோன்றியபோது உள்ளே எழுந்த ஆரவாரத்தில் கூரையில் தொங்கிய மீன்கள் ஆடின. ஜிம் கரண்டியைக் கீழே வைத்தான். "என்னை ஒரு நாளாவது இப்படித் தூக்கியிருக்கியாடி?"

"நீ கேட்டதே இல்லையே!"

கம்பளியில் சுருட்டி அடுப்பருகே உட்கார வைத்ததும் வினிஃபிரட் இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். "பாட்டன் மட்டுமில்ல, முப்பாட்டனும் வந்துட்டார்" என்றாள். டாட் ஸ்லேட்டர் தன் கிண்ணத்தில் இருந்த மீன் துண்டை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டார். அவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய தானம் அது என்று ஊரில் பேச்சு.

இரண்டு மணிக்குப் பேருந்து வந்தது. மூட்டம் விலகவில்லை. நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஐனா தலையைக் குனிந்தபடி கேட்டாள். "அடுத்த மாசம் அந்தக் காதுல மாட்டுறது வந்துடும், இல்லப்பா?"

கெவின் அலுவலகத் தாளை எடுத்து, 'வந்தவர்கள்' கட்டத்தில் 'நிறையப் பேர்' என்று எழுதினான். பேருந்துக் கதவருகே ஐனா நின்றாள். ஒவ்வொருவராக அவளுக்கு முகத்தைக் காட்டி, தோளில் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். சிவந்த மூக்கு ஏறியது. கனைப்பு ஏறியது. கீச்சு ஏறியது. டிக் டிக் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறியது.

வரிசையின் கடைசியில் கெவின். முறை வந்ததும் அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். பனி படர்ந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டான். பிறகு, ஈரக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தை நிமிர்த்தி நின்றான்.