மூன்றாம் நாள் முகமூடி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்க்கத் தொடங்கினார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ கை தானாக மைக்கைத் தேடியது. சிரிக்காதீர்கள், ஒரு காலத்தில் நான் குஸ்திக் கம்பெனியில் இருந்தவள். கட்டிப் புரண்டதில்லை, பயில்வானை மேடைக்கு அழைத்து வந்து விட்டுவிட்டு, மைக்கில் வர்ணனை சொல்வேன்.

கம்பெனியில் எல்லார் மேலும் இந்தத் தைல வாடைதான். நான் மேடைக்கு அழைத்து வருகிற பயில்வான் அந்தோணி. கறுப்பு முகமூடி, இடுப்பில் கயிறு, பெயர் கல்கத்தா கருநாகம். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் சனங்களை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவர்கள் மண்ணை வாரி இறைத்தால்தான் ஆட்டம் சூடு பிடித்ததாக அர்த்தம். எதிரே மாணிக்கம். அவர் சேலத்துக்காரர், ஆனாலும் போகிற ஊரெல்லாம் அந்தந்த ஊர்ச் சிங்கம் என்றுதான் அறிவிப்பேன். முதல் இரண்டு நாள் கருநாகத்திடம் மிதி வாங்கும் சிங்கம், மூன்றாம் நாள் ஜெயித்து அதன் முகமூடியைக் கிழிக்கும். "கிழி, சிங்கமே" என்று நான் மைக்கில் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த காலம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்களுக்குள் அது ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் சண்டையாக இறங்கிவிட்டிருந்தது. கூரைகள் எரிந்ததாகச் சொன்னார்கள். கள்ளக்குறிச்சியை விட்டு எங்கள் லாரி நகர வழியில்லை. இருட்டினால் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று, மூன்றாம் நாள் ஆட்டத்தைப் பகல் மூன்று மணிக்கே வைத்தார் மேனேஜர். இன்று முகமூடி கிழியும் என்று காலையெல்லாம் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக் கூவியவளும் நான்தான்.

மத்தியானம் அந்தோணி படுதா ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, முகமூடிய கழட்ட வேணாங்க. எங்க ஊரு ஆளுங்க வந்துகினு இருக்காங்க, ரெண்டு பக்கத்து ஆளுங்களும். எங்கம்மாவும் வந்துகீது."

அப்போதுதான் தெரிந்தது, அவன் ரிஷிவந்தியத்துப் பக்கம் ஒரு காலனிப் பையன் என்று. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் ஓடி வந்தவன். கம்பெனியில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. காலனிப் பையன் ஒருவன் ஊர்ச் சிங்கத்தைப் போட்டு மிதித்தான் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்தால், அவனுக்கு மட்டுமா ஆபத்து? அவனுடைய தெருவே மிஞ்சாது. மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகத்தைக் காட்டாவிட்டால் கொட்டகையைக் கொளுத்துவார்கள் என்றார். மாணிக்கம் மட்டும், நீ சொல்லாமல் நான் கை வைக்க மாட்டேன் என்றார்.

கயிற்றைப் பிடித்து அழைத்து வந்தேன். பெண்கள் பக்கத்தில் மெலிந்த ஒரு அம்மாள் எழுந்து, "நீ நாசமாப் போவ" என்று இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் முகத்தில் அடித்தாள். என் கையில் கயிறு விறைத்தது. அவன் நின்றுவிட்டான். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாய். "கழட்டு, கழட்டு" என்று கொட்டகையே கத்துகிறது. நான் "கிழி" என்பதை மட்டும் சொல்லாமல், சம்பந்தமில்லாமல் எதையெதையோ வர்ணித்துக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "எந்தத் தெரு மூஞ்சின்னு நாமளே பாத்துடலாம் வாங்கடா" என்றார். நாலைந்து பேர் மேடைக் கயிற்றில் கால் வைத்துவிட்டார்கள்.

மைக்கோடு மேடைக்குத் தாவி, அதாலேயே மாணிக்கத்தின் மண்டையில் ஒரு போடு போட்டேன். நாலு குழாய் ஸ்பீக்கரிலும் டங்கென்று கேட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, உங்கள் சிங்கம் இவ்வளவுதானா என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாததையெல்லாம் பேசினேன். ஏறியவர்கள் கருநாகத்தை மறந்தார்கள். கல் ஒன்று என் புருவத்தைப் பிளந்தது. மாணிக்கம் கெட்டிக்காரர், தலையைப் பிடித்துக்கொண்டே எழுந்து, என்னைத் தலைக்கு மேல் தூக்கி வெளியே எறிந்தார். கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது. இரண்டு தரப்பும் சேர்ந்துதான். மணிக்கட்டு ஒடிந்து மண்ணில் கிடந்த நான், மேடைக்கடியில் அந்தோணி நுழைந்து மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோடு வழியே போக முடியாது. கரியாலூர்ப் பக்கம் மலையேறிவிடுகிறேன் என்று பொழுது சாயுமுன் சொல்லிக்கொள்ள வந்தான். முகமூடியைக் கழற்றி என் டிரங்குப் பெட்டி மேல் வைத்தான். கண்ணெல்லாம் சிவந்து, இமையில் இன்னும் மண். ஆனால் சிரித்தான்.

"எங்கம்மா கையில இன்னும் பலம் இருக்குதுக்கா."

அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. கம்பெனியும் கலைந்தது. கொட்டகை போட்ட மைதானம் இன்று கடைகளாகிவிட்டது. ஆட்டோ அதைத் தாண்டியபோது எந்த இடமென்றுகூட அடையாளம் தெரியவில்லை. அந்தோணியின் அம்மாவும் இப்போது உயிரோடு இருக்க வழியில்லை. அன்று ஆட்டம் முடிந்ததும், கொட்டகைக்கு வெளியே அவள் துணைக்கு ஆள் சேரும்வரை வெகுநேரம் நின்றிருந்தாள். புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு பத்தடி தூரத்தில் நானும் நின்றிருந்தேன். உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று காதோடு சொல்லியிருக்கலாம். வாயால் பிழைத்தவள் நான், சொல்லவில்லை.