நெல்லுக்களத்தில் ஜூஜுட்சு

எழுபதுகளின் தொடக்கத்தில், முப்பது வயது தாண்டி இரண்டு பிள்ளைகளும் ஆன பிறகு, நான் சண்டை படிக்கப் போனேன். தச்சு வேலைக்காரனுக்கு இது தேவையா என்று எங்கள் செக்காலைப் பக்கம் கேட்காத ஆள் இல்லை. கொப்புடையம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், படிக்க வேண்டுமென்று போகவில்லை. மரம் இழைக்கும்போது விழும் சுருளைக் கேட்டு வந்த ஒரு தம்பிக்குச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போனேன்.

அந்தத் தம்பி பர்மாவிலிருந்து தாயாரோடு திரும்பி வந்தவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். ரங்கூனில் ஒரு ஜப்பான்காரரிடம் ஜூஜுட்சு படித்தாராம். ஆளைப் பிடித்து, காலை வாரி, கீழே போட்டு, எழுந்திருக்க விடாமல் அமுக்குகிற வித்தை. அதற்கு மெத்தை வேண்டும். இங்கே மெத்தைக்கு எங்கே போவது? அரிசி மில்லில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தைச் சாயங்காலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி, என் சுருளைச் சாக்குகளில் அடைத்துத் தைத்து, மேலே தார்ப்பாய் விரித்தார். "விழுந்து பாருங்கண்ணே" என்றார். விழுந்தேன். சுகமாக இருந்தது. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

மொத்தம் ஐந்து பேர். எங்களை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலை வாரு என்றால் வாருவோம். ஆனால் அடுத்தவர் மேல் கால் பட்டதும் உடம்பு தானாகக் குனியும். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "சிவ சிவ" என்போம். அந்த நேரத்தில் எதிராளி நம்மைப் புரட்டிவிடலாம். அவரும் புரட்டமாட்டார். பதிலுக்கு நம்மைத் தொட்டுக் கும்பிடுவார்.

"அண்ணே, இது சண்டையா, அறுபதாம் கல்யாணமா?" என்று தம்பி தலையில் கை வைப்பார்.

ஒருநாள் மில் முதலாளி இதைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, ஆளாளுக்குக் கால்ல விழுந்துக்கிட்டு இருக்கீக? இதுக்கு எதுக்குக் களம்? வெள்ளிக்கிழமை வாரேன். ஒக்கூர்க்காரரை ஆசாரி தூக்கிப் போட்டுக் காட்டட்டும். இல்லேன்னா சாக்கையெல்லாம் எடுத்துருங்க."

ஒக்கூர்க்காரர் எங்களோடு படித்தவர், வயல் வேலை பார்க்கும் சம்சாரி. என்னைப் போல ஒன்றரை மடங்கு ஆள்.

தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது. "எனக்கு வேற தொழில் தெரியாதுண்ணே. இங்க நடக்கலேன்னா அம்மாவைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸுக்குத்தான் போகணும். அது வயசுக்கு இன்னொரு ஊரு தாங்குமா?"

மறுநாள் பட்டறையில் தேக்கு மரத்தின் மேல் ஏறி நின்று வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தேன். மரத்தை மிதிக்காமல் தச்சு வேலை கிடையாது. அதற்காக மிதிக்கு மிதி கும்பிடுகிறோமா? காலையில் ஒருதரம் தொட்டுக் கும்பிட்டால் அன்றைக்கு முழுவதற்கும் சேர்த்துத்தான். வேலையைப் போட்டுவிட்டுத் தம்பியிடம் ஓடினேன்.

"முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுருவோம் தம்பி. பெறகு எம்புட்டு மிதிச்சாலும் குத்தமில்லை."

வெள்ளிக்கிழமை முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நானும் ஒக்கூர்க்காரரும் ஒருவர் காலை ஒருவர் தொட்டுக்கொண்டோம். "பொறுத்துக்கங்கண்ணே" என்றேன். "நீங்களும் பொறுத்துக்கங்க ஆசாரி" என்றார். உடனே கூச்சமில்லாமல் காலை வாரினேன். அவர் அசையவில்லை. மன்னிப்பு அவருக்கும் சேர்த்துத்தானே! என் இடுப்பைப் பிடித்து அப்படியே தூக்கினார். வானம் தெரிந்தது, மில் புகைக்குழாய் தலைகீழாகத் தெரிந்தது. பாதி உடம்பு சாக்கிலும் பாதி சிமெண்டிலுமாக விழுந்தேன். அடிபடாமல் விழுவதற்குத் தம்பி தினமும் சொல்லிக்கொடுத்தபடி மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்திருந்தேன்.

"ஐயையோ, வண்டியைக் கூப்பிடுங்கடா!" முதலாளி எழுந்து ஓடி வந்தார்.

நான் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். தம்பி தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். தூக்கிப் போட வேண்டிய நானே விழுந்துவிட்டேனே.

முதலாளி என் தோளை அமுக்கிப் பார்த்தார். "எலும்பு கிலும்பு?"

"ஒண்ணுமில்லைங்க."

"இன்னொருக்கா விழுங்க."

விழுந்தேன். மூன்றாவது தரமும் விழச் சொன்னார்.

"மூட்டை அடுக்குலேர்ந்து விழுந்து நம்ம ஆளுக கையை ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. தம்பி, தூக்கிப் போடுறது கெடக்கட்டும். இந்த விழுறதை அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. நாளைக்கே அனுப்புறேன். களம் இருக்கட்டும்."

தம்பி அம்மன் கோயில் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி வீட்டுக்காரி கேட்டாள்: "செயிச்சீகளா?"

"தோத்துட்டேன். தம்பி ஊரோட இருக்கப் போறாரு."

"அப்ப இனிமேலும் சாயங்காலம் வீடு தங்கமாட்டீக" என்று இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.