எல்லோரும் பி பாசிடிவ்

கவரைப்பேட்டையில் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் பன்னிரண்டு வருடமாக எழுத்தர் மணவாளன். புதிய ஆட்களுக்கு அடையாள அட்டை போடுவதும் அவர்தான். "ரத்த குரூப் இன்னாப்பா?" என்பார். தெரியாதென்று தலையைச் சொறிந்தால், டெஸ்ட்டுக்கு அனுப்ப யாருக்கு நேரம்? தன்னுடைய பி பாசிடிவையே எழுதிவிடுவார்.

இன்று காலை ஆலையில் கம்பிக்கட்டு சரிந்து, அவர்கள் அனுப்பிய தொழிலாளி பார்த்திபனின் தொடை கிழிந்தது. அவன் அட்டையிலும் அதே பி பாசிடிவ்தான். அதை நம்பிச் சேராத ரத்தத்தை ஏற்றிவிட்டால் ஆள் பிழைப்பானா? மணவாளன் ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"அட்டைய பாத்து ரத்தம் ஏத்திட்டீங்களாம்மா?" என்று ரத்த வங்கிப் பெண்ணிடம் கேட்டார்.

"அட்டைய யாரு சார் நம்புவாங்க? டெஸ்ட் பண்ணிட்டோம், ஓ நெகடிவ்."

அவருக்கு மூச்சு வந்தது.

"அவருக்கு ஓ நெகடிவ் மட்டும்தான் சேரும். இங்க ஸ்டாக் இல்ல. உங்காளுங்கள்ல யாருக்கு இருக்குதுன்னு பாத்து சீக்கிரம் இட்டுகினு வாங்க."

மணவாளன் போனில் பட்டியலைத் திறந்தார். முந்நூற்றிருபது பேர். தள்ளத் தள்ள, பெயருக்குப் பெயர் பி பாசிடிவ். இவர்களில் ஓ நெகடிவ் ஆள் ஒருவனாவது இருப்பான். அவன் பெயருக்கு எதிரிலும் மணவாளனின் ரத்தமே இருந்தது.