ஒன்பது பதினான்குக்குச் சூரியன்

அம்பராவா ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் வுர்யானி அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே போவதை ஒருமுறையாவது படம் பிடித்துவிட வேண்டும். அது கடக்க ஒரு நொடிகூட ஆகாது. தரையில் சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டைக்குள் நின்றால்தான் தெரியும். நான்கு முறை போனார். மூன்று முறை மேகம். ஒருமுறை அந்தப் பட்டை வாத்துப் பண்ணை மேல் போனது. வாத்துகளை விரட்டி முடிப்பதற்குள் நிலையம் போயே போய்விட்டது.

என் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, பெண் வீட்டு முகவரியைக் கேட்டதும் துள்ளினார். என்மேல் பாசம் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று காலை ஒன்பது பதினான்குக்கு அந்தப் பட்டை அந்த வீட்டு முற்றத்தின் மேல் விழும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிக்காஹ் எட்டரைக்கே முடிந்திருக்க வேண்டும். நடத்திவைக்கும் பெங்ஹுலு தாமதமாக வந்து, பொறுமையைப் பற்றி நீளமாகப் பேசினார். என் கையை அவர் பிடித்தபோது மணி ஒன்பது பதின்மூன்று. வுர்யானி முற்றத்துக்கு ஓடினார். கறுப்புக் கண்ணாடி மாட்டிய கேமராவின் பின்னால் மண்டியிட்டது சன்னல் வழியே தெரிந்தது. என் மாமியார் சுலஸ்மியும் பின்னாலேயே ஓடினார்.

"ஏம்மா, மாப்பிள்ளை உள்ள இருக்காரு! ஆகாசத்துல யாருக்குக் கல்யாணம்?"

"ஒரு நிமிஷம், இபு! ஒரே நிமிஷம்மா! மாப்பிள்ளை எங்கயும் ஓடமாட்டாரு. இது ஓடிரும்!"

உள்ளே மாமனார் பல்லைக் கடித்தார். "சுலஸ்மி! உள்ள வா!"

மணமகள் பெயரை நான் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய கட்டம் அது.

"சுலஸ்மியை மனைவியாக ஏற்கிறேன்" என்றேன், கணீரென்று.

"செல்லாது!" என்று சாட்சிகள் கத்தினார்கள். மணமகள் ருமியாத்தி மல்லிகைச் சரம் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கினாள்.

"வேணும்னா அவளையே கூட்டிட்டுப் போங்க, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அதற்குள் வுர்யானி திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை நான் சரியாகச் சொன்னதைப் படம் பிடித்தார்.

சாப்பாட்டின்போது மாமியார் சண்டைக்குப் போனார். வுர்யானி கேமராவை நீட்டினார். வெள்ளை வட்டத்துக்குள் கடுகளவு கறுப்பு, இருபுறமும் சிறகு.

"என்ன இது, ஈயா?"

"உள்ள ஏழு பேர் இருக்காங்க, இபு. நம்ம தலைக்கு மேலதான் போனாங்க."

"ஏழு பேரா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?"

"ஏதோ பொட்டலமாம்."

"பாவம்" என்று மாமியார் வுர்யானியின் தட்டில் இன்னொரு கோழித்துண்டை வைத்தார்.

ஆல்பம் வந்தது. முதல் பக்கத்தில் சூரியன். நாங்கள் இரண்டாம் பக்கத்தில். மாற்றச் சொல்லலாமா என்று ருமியாத்தியைக் கேட்டேன்.

"அன்னிக்கு அந்தப் படம்தான் ஒரே தடவையில சரியா வந்துது" என்றாள்.