நாலோங்கோ வீட்டு வேலி ஓட்டை

விடிந்தும் விடியாத பொழுதில் நாலோங்கோ தோட்டத்தில் குந்தியிருக்கிறாள். நேற்று எந்தச் செடி திருட்டுப் போயிற்று என்று பார்த்தால்தான் அவளுக்குத் தேநீர் இறங்கும். கற்றாழையில் இரண்டு மடல் குறைகிறது. "தையக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் திரும்பவும் சொறி," என்கிறாள் கற்றாழையிடம். கசப்பிலைச் செடியில் ஒரு கிளை மொட்டை. "யாருக்கோ காய்ச்சல். குச்சியோட ஒடிச்சிருக்கா பாரு, மருமகளாத்தான் இருக்கும். மாமியார்னா இலையை மட்டும் கிள்ளியிருப்பா." ஊரில் யாருக்கு என்ன நோவு என்பது சுகாதார நிலையத்து நர்சுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

கோபமெல்லாம் கிடையாது. அவள் ஊரான கியம்போகோவில் மருந்துச் செடியைக் கேட்டு வாங்கினால் பலிக்காது என்பார்கள். கேட்காமல் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் இரண்டு காப்பிக்கொட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். காய்ச்சிய கஷாயத்தை வேண்டுமானால் வாசலில் வந்து கேட்டு வாங்கிக் குடிக்கலாம். அதனால் நாலோங்கோ வீட்டு வேலியின் பின்பக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. தானாக விழுந்த ஓட்டை அல்ல. மாதம் ஒருமுறை அவளே அரிவாள் எடுத்துப்போய், வருகிறவர்களின் சட்டை கிழியாதபடி முள்ளைச் செதுக்கிவிட்டு வருவாள்.

அவளுடைய சொந்தப் பெயர் நலுவத்தா. அது வாக்காளர் அட்டையில் மட்டும் இருக்கிறது. இரட்டைப் பிள்ளை பெற்றதால் அவள் நாலோங்கோ, அவள் கணவர் ஸலோங்கோ. அந்த ஊரில் அது ராஜா கொடுக்கும் பட்டத்துக்குக் குறைந்ததல்ல. ஐம்பத்தெட்டு வயது, அகன்ற உடம்பு, அதைவிட அகன்ற மூக்கு. கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கண்ணை அவள் பெரிதாக மதிப்பதில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் கையில் கிடைக்கும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் பதில் சொல்வாள். "இன்னிக்கு மழை வருமா?" என்று கேட்டாலும் அப்படித்தான்.

புதன்கிழமைகளில் பலாமரத்தடியில் பாடம். ஊர்ப் பெண்கள் பதினொரு பேர், கைக்குழந்தைகள் தனி. கண்ணைக் கட்டிவிட்டு இலையை மூக்கில் திணிப்பாள். தப்பாகச் சொன்னால் அந்த இலையைத் தின்ன வேண்டும். நன்சுபுகா என்ற வாயாடி மாணவி இதுவரை தின்றதற்குக் கணக்கே இல்லை. "என் வயித்துக்குள்ள இப்ப ஒரு காடே வளருது நாலோங்கோ," என்பாள். "வளரட்டும், அதுக்காவது மூக்கு இருக்கான்னு பார்ப்போம்," என்பாள் ஆசிரியை. ஒரு பந்தலுக்கு ஒரு கொடி, இரண்டு கொடியை ஏற்றிவிட்டால் வேர் பின்னிக்கொள்ளும், எடுக்கிறவன் ஏமாந்துபோவான் என்பது மாணவிகள் தலையில் அவள் குட்டிக் குட்டிச் சொல்லும் பாடம்.

தோட்டத்தில் அதிகம் திருட்டுப் போவது முலோண்டோ. கொடியின் வேர். ஆண்கள் மெல்வது. எதற்கென்று ஊரில் கேட்டால், "பசி எடுக்க," என்பார்கள். பசி எடுக்காதவர்கள் ஊரில் இத்தனை பேரா என்று நாலோங்கோ வெளியே கேட்டதில்லை. அந்த வேரை மட்டும் பகலில் யாரும் தொடுவதில்லை. அதன் பேச்சு வந்தாலே உரக்கச் சிரிப்பவர் ஸலோங்கோதான். கடைத்தெருவில் யாராவது ஒரு துண்டு நீட்டினால், மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கு எதுக்குடா அதெல்லாம்? ஒரே தடவையில ரெண்டு பெத்தவன்டா நான்!" என்பார். முப்பது வருடமாக அதே வசனம். மற்றபடி மனைவியின் தோட்டத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. வாழைத்தோப்பு அவருடையது, மருந்துத் தோட்டம் அவளுடையது.

இப்படி நல்லபடியாகத் திருட்டுப் போய்க்கொண்டிருந்த தோட்டத்தில், போன மழைக்காலத்துப் புதன்கிழமை ஒன்றில், நாலோங்கோ முலோண்டோப் பந்தலடியில் குந்தியவள் எழுந்திருக்கவில்லை.

பந்தலில் இரண்டு கொடி இருந்தது. ஒன்று முலோண்டோ. இன்னொன்று ஆட்டு உண்ணிக்கு அரைத்துப் பூசும் கொடி. விரல் நீளம் உள்ளே போனால் ஆடே கால் பரப்பிவிடும், மனிதன் எம்மாத்திரம். கம்பு போதவில்லை என்று அவளேதான் இரண்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டிருந்தாள், அடுத்த வாரம் பிரித்துவிடலாம் என்று. அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாக வரவில்லை. முலோண்டோ வேர் அப்படியே இருந்தது. உண்ணிக்கொடியின் அடியில் புதுப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு காப்பிக்கொட்டை அல்ல, ஒரு கைப்பிடி.

"புது ஆளு," என்றாள். "வழக்கமா வர்றவன் மோந்து பார்த்திருப்பான். எத்தனை கொட்டைன்னும் தெரியல, வேரும் தெரியல."

பாடத்துக்கு வந்த நன்சுபுகா பள்ளத்தைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள். "ஒரு பந்தலுக்கு ஒரு கொடின்னு சொன்னது யாரு நாலோங்கோ? ஊருக்குத்தான் உபதேசமா?"

வேறு நாளாக இருந்தால் அவளுக்கு ஒரு செடியே தின்னக் கிடைத்திருக்கும். அன்று நாலோங்கோ தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். இருபது வருடத்தில் அவள் மருந்தால் ஒரு கோழி கூடச் செத்ததில்லை. இன்று ஒரு மனிதன் எங்கோ அந்த வேரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிறான். அவன் செத்தால் அது அவள் கை செய்த தப்பு. அதற்குமேல் பலாமரத்தடியில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்காரச் சொல்ல அவளுக்கும் வாய் வராது.

முதலில் ஊர்ச் சேர்மன் லுட்டாயா வீடு. ஆண்களிடம் பேசப் போனால் பெண் மண்டியிட்டு வணக்கம் சொல்ல வேண்டும், அது முறை. நாலோங்கோ முறை தவறாதவள். மண்டியிட்டாள், வீட்டில் எல்லாரும் சுகமா, மாடு சுகமா, வாழை சுகமா என்று வரிசையாக விசாரித்தாள், எழாமலே கேட்டாள்: "ஐயா, என் பந்தல்ல முலோண்டோ தோண்டினது நீங்களா?"

சேர்மன் கையிலிருந்த தேநீர் வெறும் முழங்காலில் கொட்டியது. "எனக்கு எதுக்கு நாலோங்கோ? எனக்கு ஒம்பது பிள்ளைங்க!"

"ஒம்பதாவதுக்குப் பதினாலு வயசு ஆயிடுச்சே ஐயா, அதான் கேட்டேன்."

அடுத்தது உபதேசியார் பெனெடிக்டோ. ஞாயிறுதோறும் வேர், பட்டை, இலை எல்லாம் சாத்தானின் சமையலறை என்று பிரசங்கம் செய்கிறவர். அவர் முன்னாலும் மண்டியிட்டாள். கேள்வியைக் கேட்டதும் அவர் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தார். "சத்தியமாச் சொல்றேன், நேத்து நான் வரவே இல்ல!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. கையைப் புத்தகத்திலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். "நல்லது உபதேசியாரே," என்று நாலோங்கோ மரியாதையாக எழுந்து வந்துவிட்டாள். அவர் வந்துபோனால் கொட்டை எண்ணிச் சரியாக இரண்டு இருக்கும் என்று அவளுக்கு ஒரு வருடமாகத் தெரியும்.

கடைத்தெருவில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் பையன்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஆளுக்கொருவனைக் கை காட்டினார்கள். "டேய், அது விஷம்டா! மென்னா குடல் வெளிய வந்துடும்!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். கேட்டவர்கள் எல்லாரும் பாவம் எவனோ என்று தலையை ஆட்டினார்கள். அந்த எவனோ தான்தான் என்று சொல்ல ஒரு ஆண்பிள்ளை அந்த ஊரில் பிறக்கவில்லை. சாகத் துணிவார்கள், முலோண்டோ தோண்டியதை ஒப்புக்கொள்ளத் துணியமாட்டார்கள்.

வீடு திரும்பும்போது முழங்காலெல்லாம் செம்மண். யோசித்தாள். அறுகம்புல்லைப் பிடுங்கி மென்று யோசித்தாள். பிறகு நன்சுபுகாவைக் கூப்பிட்டாள்.

"ஊர் பூரா சொல்லிட்டு வா. எடுத்தவன் எடுத்த வேரை வேலி ஓட்டைகிட்ட கூடையில போடட்டும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். யாருன்னு கேட்க மாட்டேன். தப்பு என் மேலதான், கொடியை ஒண்ணா ஏத்தினது நான்தான், அதையும் சொல்லு."

"அதையுமா?"

"அதைத்தான் முதல்ல சொல்லு."

பாடத்துக்கு வந்திருந்த பெண்கள் செய்தியோடு கலைந்துபோனார்கள். நாலோங்கோ ஓட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பின்னால் ஒரு வெறுங்கூடை. பதினோரு மணிக்கு ஒரு ஆடு வந்து கூடையை முகர்ந்துவிட்டுப் போனது. பன்னிரண்டுக்கு யாரோ வேலிவரை வந்து, வேறு வேலைக்கு வந்ததுபோல விசிலடித்துக்கொண்டு திரும்பினார்கள். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தையிலிருந்து ஸலோங்கோ வரும் நேரம் ஆகிறது, அவருக்கு வாழைக்காய் வேகவைக்கவில்லையே என்ற நினைப்பும் வந்து போனது. விடியுமுன்னே சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போன மனிதருக்கு ஊரில் நடக்கும் இந்தக் கூத்து எதுவும் தெரியாது. தெரிந்தால் எப்படிச் சிரிப்பார்!

வெயில் சாயும்போது வேலி முள் சலசலத்தது. காலடி தயங்கி நின்றது. கூடையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. நாலோங்கோ முதுகைத் திருப்பவில்லை. கண்ணையும் மூடிக்கொண்டாள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாரா இருந்தாலும் நல்லா இருப்பே. வாயில வச்சியா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். பேச வேண்டாம். வைக்கலேன்னா ஒரு தடவை இருமு. வச்சிருந்தா ரெண்டு தடவை."

முள் மறுபடி சலசலத்தது. பிறகு ஒரு இருமல். ஒன்றே ஒன்று.

முப்பத்திரண்டு வருடமாகத் தலையணைக்குப் பக்கத்தில் கேட்ட இருமல். சந்தையிலிருந்து திரும்பும் வழியில் செய்தி காதில் விழுந்திருக்கிறது. ஊர் முழுக்க மண்டியிட்டுத் தேடியவள், தன் வீட்டுக் கட்டிலை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. சிரிப்பு பொங்கி வந்தது, அடக்கினாள். பாவம், எத்தனை மாதமாக அந்த மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தாரோ. யாரிடம் போய்ச் சொல்வார் மனிதர்?

காலடி பின்வாங்கத் தொடங்கியது. நாலோங்கோ திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காமலே பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதிலிருந்த மண்ணை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிவிட்டாள்.