தாய்மாமனைக் கேட்டேன்

கல்யாண வீடுகளில் எனக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. என்ன படித்தாய், இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்பது. மானிடவியல் என்று சொன்னால் பாதிப் பேர் மனசு சம்பந்தப்பட்ட படிப்பு என்று எடுத்துக்கொண்டு தங்கள் மருமகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். என் பெரியப்பா ஒருவர்தான் சுற்றி வளைக்காமல் இதைப் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது. எதைச் செய்து கிடைத்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் படித்த ஒருவரும் படிப்புக்கேற்ற வேலைக்குப் போகவில்லை. ஒருத்தி சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், பெண்கள் பாத்திரம் விளக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொண்டு வருகிறாள். ஒருவன் தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சொத்து வழக்குக்கு வருகிறவர்களுக்கு அவன் வம்சாவளி வரைந்து கொடுப்பான், வக்கீல்களே ஆள் அனுப்புவார்கள். முக்கோணம் ஆண், வட்டம் பெண், நடுவில் சமன் குறி போட்டால் கல்யாணம். முதல் வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்துப் பிழைக்கிறவன் நீ ஒருவன்தான் என்று அவனைக் கேலி செய்வோம். உண்மையில் நானும் அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, உறுப்புகளைத் தானம் செய்கிறீர்களா என்று கேட்பது என் வேலை. வேலைக்கு நேர்காணல் நடந்தபோது மேலாளர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதைப் பற்றி ஆய்வு செய்தீர்கள் என்று கேட்டார். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் சாவுச் சடங்குகள் பற்றி என்றேன். யார் கோடித் துணி கொண்டுவர வேண்டும், யார் கொள்ளிக்குடம் உடைக்க வேண்டும், யார் சொல்லுக்காகப் பாடைத் தேர் கட்டாமல் காத்திருப்பார்கள் என்று இரண்டு வருடம் இழவு வீடுகளில் உட்கார்ந்து எழுதியவள் நான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் சாவு வீட்டில் முடிவெடுக்கிறவர் யாரென்று பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆனால் தெரியத்தான் செய்தது. மற்ற ஆஸ்பத்திரிகளில் இதே வேலையில் இருந்தவர்கள் பெற்றவர்களிடம் நேராகப் போய்க் கேட்டு, அழுகையும் ஏச்சும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் அப்படிப் போக மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யாருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார், யார் வந்தால் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். என் நோட்டில் முக்கோணமும் வட்டமும் போட்டு அந்தக் குடும்பத்தை வரைவேன். நம் பக்கத்தில் பெரும்பாலும் தாய்மாமன்தான். காது குத்தினது அவர் மடியில், சீர் கொண்டுவந்தது அவர். அவர் தலையாட்டிவிட்டால் மற்றவர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள். அந்த முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். அப்புறம் அவரை மட்டும் தனியாக அழைத்துப் பேசுவேன். என்னால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனியாபுரத்திலிருந்து அந்தப் பையனைக் கொண்டுவந்தது ஒரு காலை வேளையில். இருபத்து நாலு வயது. ரிங் ரோட்டில் லாரிக்குப் பின்னால் பைக்கோடு போய் மோதியிருந்தான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வாயில்லாத மனிதர். அம்மா தரையில் உட்கார்ந்து அவனுடைய செருப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தார். இன்னொரு செருப்பு ரோட்டிலேயே போய்விட்டிருந்தது. அம்மாவின் தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பையன் வேலை பார்த்தது அவரிடம்தான். அவர் வராந்தாவுக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள். எனக்கு நட்சத்திரம் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மூளைச்சாவை உறுதி செய்ய ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை செய்வார்கள். இரண்டாவது சோதனை மறுநாள் பிற்பகலில் முடிந்தது. அவன் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. இதயம் நின்றுவிட்டால் பெரும்பாலான உறுப்புகள் யாருக்கும் உதவாது. மாமனை ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டேன். அந்த அறையில் டிஷ்யூ பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். ஒருவரும் தொட மாட்டார்கள், எல்லாரும் துண்டிலும் முந்தானையிலும்தான் துடைத்துக்கொள்வார்கள். அவரும் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். என் மகளைக் கட்ட வேண்டியவன் மேடம் என்றார். பிறகு கண்ணையும் கொடுக்கலாமா என்று அவராகவே கேட்டார். எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார்.

"அக்காகிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம் மேடம். அது தாங்காது. நான் அப்புறமா பக்குவமா சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன். சட்டப்படி அப்பாவின் கையெழுத்துப் போதும். மச்சினன் விரல் காட்டிய இடத்தில் அவர் போட்டார். பையன் இறந்துவிட்டான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்கள். பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று மாமன் வேன் ஏற்றி அனுப்பினார். போகும்போது அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பையனை நான் நன்றாகக் கவனித்துக்கொண்டேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நானும் கும்பிட்டேன்.

அக்காவிடம் சொல்ல மாமனுக்கு நேரமே கிடைக்கவில்லை. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு இப்போது அரசு மரியாதை உண்டு. மறுநாள் காலை அதிகாரிகள் மலர்வளையத்தோடு அந்தத் தெருவுக்குள் வந்தபோது, தன் மகன் என்ன தப்பு செய்தான், எதற்கு இத்தனை ஆபீசர்கள் என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். வந்த அதிகாரி பாவம், அவருக்கு என்ன தெரியும். உங்கள் மகன் ஐந்து பேரை வாழவைத்துவிட்டார் அம்மா, உங்கள் பெரிய மனசு யாருக்கும் வராது என்று சொன்னாராம். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்றாம் நாள் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட யாரும் இல்லை. மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, விசாரித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். ஆலோசனை அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே, தன் தம்பி எங்கே உட்கார்ந்தான் என்று கேட்டார். காட்டினேன். எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம், தன்னை வேனில் ஏற்றியபோது மகனுக்கு நெஞ்சு துடித்துக்கொண்டிருந்ததா என்று கேட்டார். பொய் சொல்லலாம். சட்டப்படி அவன் அதற்கு முன்பே இறந்துவிட்டவன். டாக்டர்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆமாம் என்றேன்.

"கை சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நான் வீட்டுல பந்தலுக்கு ஆள் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் இழவு வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பாரி வைக்கிறவர்களை எண்ணியிருக்கிறேன். கோடி போடும் வரிசையை எழுதியிருக்கிறேன். பெற்றவளிடம் என்ன கேட்பது என்று என் நோட்டில் ஒரு வரி இல்லை. பெண்கள் அழுவார்கள், ஆண்கள் முடிவெடுப்பார்கள் என்று நான் பார்த்ததைத்தான் எழுதினேன். பார்த்தது பொய்யில்லை. அதை என் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டேன், அதுதான் நான் செய்தது. நோட்டின் அந்தப் பக்கத்தில் அவருடைய வட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். எந்தம்பிகிட்ட என்னா கேட்டீங்களோ, அதை எங்கிட்டக் கேளுங்க. இப்பக் கேளுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எத்தனையோ குடும்பங்களிடம் கேட்ட கேள்விதான். எதிரே இழுத்துப் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா, உங்கள் மகனுக்கு இனி உயிர் திரும்பாது என்று தொடங்கினேன். அவனால் வேறு சிலர் பிழைக்கலாம், நீங்கள் சம்மதித்தால்தான் அது நடக்கும் என்றேன். இல்லையென்று சொன்னாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றேன். கடைசி வாக்கியத்தை மாமனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மகன் அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் படுத்திருப்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஸ்ட்ரெச்சர் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கி ஒரு ராத்திரி நான் அவன்கூட இருந்துக்கிறேன். விடியட்டும், சொல்லுறேன்" என்றார்.

விடியும்வரை அவன் தாங்கியிருக்க மாட்டான். அன்றைக்கு அவரைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். அந்த ஐந்து பேரும் இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் அந்த அம்மாவுக்கு ஒரு ராத்திரி மிச்சமாகவில்லை.

"சரிம்மா" என்றேன்.

அவர் எழுந்து சேலையை உதறிச் சரி செய்துகொண்டார். வாசல்வரை போனவர், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை அவர் வரவில்லை.